விடச் சொன்னார்

அத்தியாயம் 19

அன்புக்கரசி தபாலில் போட்ட நோட்டீஸ் அவள் அப்பா கைக்குக் கிடைத்ததா இல்லையா என்று கேட்டு எனக்கு நாலு கடிதம் வந்திருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து ஒரு அம்மாள், அந்த மனுசன் வரவில்லையென்றால் இந்தத் தொடரைப் படிப்பதையே நிறுத்திவிடுவேன் என்று மிரட்டல் வேறு. அம்மா தாயே, வந்தார். முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். சந்தோஷப்படுவதென்றால் இப்போதே பட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் நேரம் இருக்காது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற சோலைமலைக்கு அன்புக்கரசி ஒரே மகள். அவளுக்குப் பத்து வயதாகும்போது தாய் போய்ச் சேர்ந்தாள். தலை பின்னி விட்டதிலிருந்து ஓட்டப்பந்தயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது வரைக்கும் எல்லாம் அப்பாதான். அந்த மகள், திண்டுக்கல் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிற அமலனை மாதா கோயிலில் வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். சோலைமலை திட்டவில்லை, அடிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். மூணு வருஷமாக மகள் பேர் அவர் வாயில் வரவில்லை.

அவளோ ஓடுவதை விடவில்லை. எந்த ஊரில் ஓடினாலும், முடிகிற இடத்துக் கூட்டத்தில் அப்பா முகம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டேதான் கோட்டைத் தாண்டுவாள். ஏழு போட்டி ஓடிவிட்டாள். ஏழிலும் இல்லை.

இந்த முறை போட்டி நம்ம ஜில்லாவிலேயே. டிரையத்லான் என்று பேர். ரெண்டு கிலோமீட்டர் நீந்தி, அப்படியே ஏறித் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதிலிருந்து இறங்கி இருபத்தோரு கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் ஒரே ஆள், ஒரே நாளில். ஊர்க்காரர்கள் வாய் அதற்குள் 'மூணு போட்டி' என்று மாற்றிவிட்டது. அந்த நோட்டீஸைத்தான் அவள் போன வாரம் மடித்து, ஒரு வரிகூட எழுதாமல், அப்பாவுக்குத் தபாலில் போட்டாள். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் முடிகிற இடத்தில் அவர் நிற்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு முக்கியம்.

* * *

2004 பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கெல்லாம் மருதாநதி அணைக்கரையில் கூட்டம் கூடிவிட்டது. நாற்பத்தோரு பேர் இறங்குகிறார்கள். அதில் பெண்கள் நாலே பேர்.

அமலனின் அம்மா லூர்தம்மாள் ஞாயிற்றுப் பூசைக்குப் பதில் சனிக்கிழமை சாயங்காலப் பூசையையே பார்த்துவிட்டு வந்திருந்தார். ஓய்வுபெற்ற டீச்சர். ஒரு கையில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணி பிளாஸ்க், இன்னொரு கையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழம். தண்ணீருக்குள் போனதும் எல்லாத் தலையிலும் ஒரே மஞ்சள் தொப்பி. எது நம்ம பிள்ளை என்று தெரியவில்லை. என்ன செய்ய, நாற்பத்தோரு பேருக்கும் சேர்த்துச் செபமாலை சொல்லிவிட்டார்.

கிணற்றில் நீந்திப் பழகினவள் அன்புக்கரசி. அணைத் தண்ணியில் பன்னிரண்டாவது ஆளாக ஏறி வந்தாள். பெண்களில் மூன்றாவது. அமலன் துண்டை நீட்டினான். துடைத்துக்கொண்டே கரையை ஒரு சுற்றுப் பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த அமலனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஒற்று விட்டுப்போனால் அவனுக்கு மூணு நாள் சோறு இறங்காது. அச்சகத்தில் அம்புட்டுக் கறார். வீட்டில் அப்படியே தலைகீழ். அம்மா மருமகளைப் பற்றி ஒன்று சொன்னால், அதில் காரத்தை எடுத்துவிட்டு, ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டு மனைவியிடம் சொல்வான். மனைவி சொன்னதை அம்மாவிடமும் அதே மாதிரி. அந்த வீட்டில் மாமியார் மருமகள் சண்டை வராததற்கு அது ஒரு காரணம். நல்ல குணம்தான். நானும் போன அத்தியாயம் வரைக்கும் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மாவை மைதானத்துக்குப் போகிற வேனில் ஏற்றிவிட்டு, அமலன் தன் மொபெட்டில் தோமையார்புரத்துக்கு வந்தான். ஓடுகிறவர்களுக்கான கடைசித் தண்ணீர் மேசை அங்கேதான். அங்கிருந்து மூணு கிலோமீட்டர் போனால் திண்டுக்கல் மைதானம், போட்டி முடிகிற இடம். மேசையில் தண்ணி ஊற்றிக் கொடுக்கிற வேலையை அவன் கேட்டு வாங்கியிருந்தான். பக்கத்தில் நம்பரைக் குறித்துக்கொள்ள சூசைமாணிக்கம் சார், தபாலாபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். கழுத்தில் விசில், சட்டைப் பையில் செல்போன்.

* * *

மணி பன்னிரண்டைத் தாண்டியது. பிப்ரவரி என்று பேர்தான், வெயில் மண்டையைப் பிளந்தது. மதுரை ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் வேகம் குறைந்து, ஜன்னலுக்கு ஜன்னல் கை ஆட்டினார்கள். ஓடி வந்தவர்களில் ஒருவன் மேசைக்கு முன்னாலேயே குடித்த தண்ணியை வாந்தியெடுத்து உட்கார்ந்துவிட்டான். அமலன் அவனைத் தூக்கி நிழலில் போட்டான். அன்புக்கரசிக்கும் இப்படி ஆனால் என்ன செய்வது என்று அது ஒன்றே ஓடியது மனசில்.

அப்போதுதான் ஒரு பூ வேன் வந்து ஓரம் கட்டியது. உள்ளே காலிக் கூடைகள். ஓட்டி வந்தது முனீர். பக்கத்துச் சீட்டிலிருந்து இறங்கினவர் சோலைமலை.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மீசை புதுசாகக் கத்தரித்திருந்தது. அமலன் கையிலிருந்த தண்ணிக் கப் கீழே விழுந்தது.

காலையிலிருந்தே பின்னால் சுற்றிக்கொண்டிருக்கிறார் மனிதர். செம்பட்டியில் மகள் சைக்கிளில் போனதைப் பார்த்தார். சின்னாளப்பட்டியில் அவள் ஓட ஆரம்பித்ததைப் பார்த்தார். எல்லாம் வேனுக்குள் உட்கார்ந்தபடி. இறங்கி ரோட்டோரம் நின்றிருக்கலாம், ஒரு கை அசைத்திருக்கலாம். வீம்பு விடவில்லை. ஆனால் மகள் ஓடுகிற விதத்தைப் பார்க்கப் பார்க்க அந்த வீம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டே வந்தது. மைதானத்தில் போய், எல்லாருக்கும் முன்னால், கயிற்றோரம் நிற்பது என்று முடிவு பண்ணிவிட்டார். போகிற வழியில் ஒரே ஒரு சொல் சொல்லி அனுப்பத்தான் இங்கே இறங்கினார்.

மூணு வருஷத்தில் மருமகனிடம் அவர் பேசின முதல் பேச்சு இது.

"மாப்ள, அவ வந்தா விடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அம்புட்டுத்தான். திரும்பி வேனில் ஏறிவிட்டார். கண் கலங்கினதை மருமகன் பார்க்கக் கூடாது என்ற அவசரம். மைதானத்துக்குப் போகிறேன் என்று சொல்லத் தோன்றவில்லை. முனீர் வண்டியை எடுத்துவிட்டான்.

இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோலைமலை ஒரு காலத்தில் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பேர் வாங்கின சாரதி. எட்டு மைல் பந்தயம். முதல் ஏழு மைலும் கயிற்றை இறுக்கிப் பிடித்து மாட்டின் மூச்சைச் சேர்த்து வைக்க வேண்டும். வண்டிக்குக் கூடவே ஓடி வருகிறவன் துணைச் சாரதி. அது இந்த வேனை ஓட்டி வந்த முனீர். மாட்டின் மூக்கையும் நடையையும் பார்த்துக்கொண்டே வந்து, சரியான இடத்தில் 'விடு' என்று ஒரு சத்தம் கொடுப்பான். கயிற்றைத் தளர்த்து, இனி அடக்காதே, உள்ளே இருக்கிற அத்தனையும் வெளியே வரட்டும் என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்குச் சாரதி கை இளகும், மாடு பிய்த்துக்கொண்டு போகும்.

அன்புக்கரசி அந்தச் சொல்லோடு வளர்ந்தவள். பள்ளிக்கூடப் பந்தயங்களில் கடைசிச் சுற்று வரும்போது, கூட்டத்துக்குள்ளிருந்து அப்பா 'விடு தாயி' என்பார். அவள் பறப்பாள். அதை முனீர் அறிவான், அவள் அறிவாள். டவுனில் பிறந்து வளர்ந்து, பந்தய மாட்டைத் தூரத்தில்கூடப் பார்த்திராத அமலன் எங்கே அறிவான்? அவன் காதில் விழுந்தது நாம் எல்லாரும் தினமும் சொல்கிற 'விடு'.

அதுகூடப் பரவாயில்லை. அந்த 'மாப்ள' என்ற சொல்லில் பாதி காது அடைத்துப் போய்விட்டது அவனுக்கு. மூணு வருஷமாகக் கேட்கக் காத்திருந்த சொல். வாந்தியெடுத்தவன் இன்னும் நிழலில்தான் கிடக்கிறான். மாமனார் கண் கலங்கியிருந்ததையும் அவன் பார்த்துவிட்டான். மகள் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போகிறார் என்றே எடுத்துக்கொண்டான்.

* * *

செத்த நேரத்தில் அவள் வந்தாள். பெண்களில் இப்போது ரெண்டாவது. முன்னால் போனவளுக்கும் இவளுக்கும் இருநூறு மீட்டர்கூட இருக்காது. வலது ஷூவின் நுனியில் ரத்தம் கசிந்திருந்தது. முகம் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இறுக்கிப் பிடித்து ஓடி வந்திருக்கிறாள். சோலைமலை சரியாகத்தான் கணித்திருந்தார். அவளுக்குள் இன்னும் நிறைய இருந்தது.

அமலன் கப்பை நீட்டினான்.

"அப்பா வந்தாரு," என்றான்.

அவள் கால் தானாக நின்றுவிட்டது. "எங்க?"

"இங்கதான். இப்பத்தான் போனாரு. எங்கிட்டப் பேசினாரு."

"என்ன சொன்னாரு?"

கேட்டது ஒரே ஒரு சொல். அதை அப்படியே கொடுத்தால் மொட்டையாக இருக்குமே, மூணு வருஷம் கழித்து வந்த பேச்சு இதுதானா என்று அவள் மனசு நொந்துபோகுமே என்று அமலனுக்குத் தோன்றியது. வழக்கமான சர்க்கரையைப் போட்டான். சோலைமலை மகளை எப்படிக் கூப்பிடுவார் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறான். அதையும் சேர்த்தான்.

"'கஷ்டப்பட்டது போதும் தாயி, விட்டுரு'ன்னாரு. உன்னை இப்பிடிப் பாக்க முடியலையாம்."

அந்தத் 'தாயி'தான் அவளை வீழ்த்தியது. அது அப்பா வாயிலிருந்து மட்டும் வருகிற சொல். அதைக் கேட்ட பிறகு அவளுக்குச் சந்தேகம் எங்கேயிருந்து வரும்? தண்ணி கேன் பக்கத்தில் கிடந்த பலகைப் பெட்டியில் உட்கார்ந்து, ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"சரி. அப்பா சொன்னாச் சரி," என்றாள்.

சூசைமாணிக்கம் சார் பதறிப்போனார். இன்னும் மூணே கிலோமீட்டர்தான் இருக்கிறது, நடந்து போனால்கூட இரண்டாவதோ மூன்றாவதோ வந்துவிடலாம் என்று எடுத்துச் சொன்னார். ஒரு தடவைக்கு மூணு தடவை கேட்டார். அவள் பனியனில் குத்தியிருந்த முப்பத்தேழாம் நம்பரைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, விலகிக்கொள்கிறேன் என்று அவர் தாளில் கையெழுத்தும் போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த பெண் அவர்களைத் தாண்டி ஓடினாள். அன்புக்கரசி அவளுக்குக் கைதட்டினாள்.

இப்படி ஒரு நாள் வராதா என்று அமலன் மூணு வருஷமாக ஏங்கியிருந்தான். அப்பாவையும் மகளையும் தானே சேர்த்துவைத்துவிட்டதாக நினைத்தான். அவள் கால் ஷூவைக் கழற்றி, நகம் பெயர்ந்த விரலில் தண்ணி ஊற்றிக் கழுவிவிட்டான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தான் பாவி.

* * *

மைதானத்தில் லூர்தம்மாள் ஒரு மணி நேரமாகக் கயிற்றோரம் நிற்கிறார். தனக்குப் பக்கத்தில் வந்து நின்ற மனிதரை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிட்டது. அன்புக்கரசி முகத்துக்கு மீசை ஒட்டின மாதிரி இருந்தது.

கிட்டப் போகலாமா வேண்டாமா என்று யோசித்தார். அப்புறம் பிளாஸ்கைத் திறந்து, மருமகளுக்கென்று வைத்திருந்த எலுமிச்சைத் தண்ணியில் ஒரு கப் ஊற்றி நீட்டி, தான் யார் என்று சொன்னார். சோலைமலை ரெண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். வெயில் அதிகம் என்று சொன்னார். ஆமாம் என்றார் இவர். சம்பந்திகள் ரெண்டு பேரும் முதல்முதலாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதுவே லூர்தம்மாளுக்கு மனசு நிறைந்துவிட்டது. மாதாவே, நீ கண் திறந்துவிட்டாய் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார்.

சோலைமலை கண்ணைச் சிமிட்டாமல் ரோட்டு வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களில் முதலாவது வந்தாள், கூட்டம் கைதட்டியது. அடுத்தது தன் மகள்தான் என்று அவருக்கு நிச்சயம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பினார். வந்தது வேறு பெண். அப்போதும் அவர் விடவில்லை. வருவாள், கால் இழுத்திருக்கும், மெதுவாக வருவாள் என்று லூர்தம்மாளிடம் சொன்னார்.

மைக்கில் ஒரு குரல், தோமையார்புரத்திலிருந்து செல்போனில் வந்த தகவலைப் படித்தது. முப்பத்தேழாம் எண், அன்புக்கரசி, போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

சோலைமலை லூர்தம்மாளைத் திரும்பிப் பார்த்து, விலகிக்கொண்டார் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை. வேறு ஏதாவது அர்த்தம் இருக்காதா என்று கேட்டார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்த டீச்சர், அர்த்தத்தை விட்டுக் காரணத்தைத் தேடினார். கால் பிசகியிருக்கும், வேறொன்றும் இருக்காது என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"கால் நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். நான் பாத்தேன்." கயிற்றையே தடவிக்கொண்டு சொன்னார். "தோமையார்புரத்துல விடச் சொல்லி அனுப்பினேன். நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சதும் நின்னுட்டா. சொல்லாம வந்து நின்னிருந்தா வந்திருப்பா."

என்ன சொல்லி அனுப்பினார், யாரிடம் சொல்லி அனுப்பினார், லூர்தம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செத்த உட்காருங்கள், பிள்ளைகள் இப்போது வந்துவிடுவார்கள் என்று கெஞ்சினார். தன் மேல் உள்ள கோபத்தில் வராத பிள்ளைக்காக நின்று மானம் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் நினைத்திருப்பார். கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். ஏழு போட்டியாக அவள் தேடின முகம், எட்டாவதில் வந்து நின்று, அவளைக் காணாமல் போயிற்று. எனக்கு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்தது அதுதான்.

ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். முனீரின் வேன் மைதானத்திலிருந்து கிளம்பி நிலக்கோட்டை ரோட்டில் திரும்பவில்லை. பழனி ரோட்டில் போயிற்று.

* * *

அரை மணி கழித்து, போட்டி நடத்துகிறவர்களின் ஜீப்பில் அன்புக்கரசியும் அமலனும் வந்து இறங்கினார்கள். அவள் வழியிலேயே முகம் கழுவி, யாரிடமோ சீப்பு வாங்கித் தலையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா ஊருக்குப் போயிருக்க மாட்டார், இங்கேதான் எங்கேயாவது இருப்பார் என்று ஜீப்பில் அவளாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். நொண்டி நொண்டிக் கூட்டத்துக்குள் நுழைந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

லூர்தம்மாள் தனியாக நிற்பதைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். "அத்தை, அப்பா வந்தாரா?"

லூர்தம்மாளுக்குச் சர்க்கரை போடத் தெரியாது. பாடம் ஒப்பிக்கிற மாதிரி, சோலைமலை சொன்னதை அப்படியே சொன்னார். விடச் சொல்லி அனுப்பினேன், நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சதும் நின்னுட்டா, சொல்லாம வந்து நின்னிருந்தா வந்திருப்பா. இந்தக் கயிற்றோரம்தான் அரை மணி நேரம் நின்றார், நுனிக்காலில் எழும்பி எழும்பிப் பார்த்தார் என்றும் சொன்னார்.

அன்புக்கரசி அமலன் பக்கம் திரும்பினாள். குரல் ஏறவில்லை.

"அப்பா என்ன சொன்னாரு? நீ சேத்ததை எடுத்துட்டுச் சொல்லு."

அமலனுக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்தது, என்ன தப்பு என்று புரியவில்லை.

"'மாப்ள, அவ வந்தா விடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.' அம்புட்டுத்தான்."

"கஷ்டப்பட்டது போதும்னு சொன்னது?"

"நான் சேத்தது."

"தாயின்னது?"

"அதுவும் நான்தான்."

மைதானத்தில் முடிவுக்கோட்டுக்கு மேலே கட்டியிருந்த துணியை ரெண்டு பேர் ஏணி போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா விடுன்னா, ஓடுன்னு அர்த்தம்," என்றாள். "இழுத்துப் பிடிச்சது போதும், இனி ஓடுன்னு அர்த்தம்."

அமலன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தெரியாது அன்பு, சத்தியமாத் தெரியாது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் பேரில் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவன் அழுததைப் பார்த்தால் நீங்களும் திட்ட மாட்டீர்கள். மனைவி மேல் உயிரையே வைத்திருக்கிறவன். அந்தப் பிரியத்தில்தான் இப்படி ஆகிப்போனது.

லூர்தம்மாள் மகனைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். இதில் என்ன இருக்கிறது, தெரியாமல் நடந்தது, மூணு பேரும் இப்போதே நிலக்கோட்டைக்குப் போவோம், அமலனே நடந்ததைச் சொல்லட்டும், கேட்டால் மனுசன் புரிந்துகொள்வார் என்றார். உங்களில் பாதிப் பேர் இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அன்புக்கரசி தலையை ஆட்டினாள்.

"மூணு வருஷத்துல எங்கப்பா எனக்குன்னு சொன்னது ஒரே ஒரு சொல்லு. அதை நீ எங்கிட்டக் குடுக்கவே இல்லையே," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அமலன் தாங்கியிருப்பான். அவள் ஆற்றாமையில் சொன்னாள். சொல்லிவிட்டு மாமியார் தோளிலிருந்த துண்டை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். வெறுங்காலோடு மைதானத்து வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போனாள். நகம் பெயர்ந்த காலை ஊன்ற முடியவில்லை, ஓரத்தை வைத்து வைத்து நடந்தாள்.

நிலக்கோட்டை பஸ் வந்தது. கை காட்டினாள். கண்டக்டர் அவள் கோலத்தைப் பார்த்து, கை கொடுத்து ஏற்றிவிட்டார். அமலன் பின்னாலேயே ஓடி வந்து படியில் கால் வைத்தான். அவள் திரும்பி அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் காலை எடுத்துவிட்டான். பஸ் போய்விட்டது.

லூர்தம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மருமகள் என்ன சொல்லிவிட்டுப் போகிறாள் என்று மகனைக் கேட்டார். அமலன் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்த்தபடியே சொன்னான்.

"'நீ வராத. எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்.' இதான்ம்மா சொன்னா."